பரணையும் சேர்த்து ஒரு மதிப்பீடு

வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நிமிர்வதற்குள் ஹாலுக்கு எத்தனை பெட்டி வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். அடுப்படிக்குப் பதினொன்று, படுக்கையறைக்கு ஒன்பது, துணிமணி தனி. வீடு மாற்றித் தரும் கம்பெனியில் பதினேழு வருஷமாக அவள் வேலை இதுதான். போய்ப் பார்க்க வேண்டும், இத்தனை பெட்டி, இத்தனை ஆள், இவ்வளவு தொகை என்று மதிப்பீடு எழுதிக் கொடுக்க வேண்டும். இடுப்பில் அளவு டேப் தொங்கும். அதை இழுத்துப் பார்ப்பதெல்லாம் வாடிக்கையாளரின் மனத் திருப்திக்காக. லாரி டிரைவரும் சுமை தூக்குகிறவர்களும் அவளுக்கு வைத்த பெயர் கண்ணளவு. நரைத்த தலைகள்கூட ‘கண்ணளவு அக்கா’ என்றுதான் கூப்பிடும். நாற்பது பெட்டி என்று அவள் எழுதினால் முப்பத்தொன்பதில் முடியும், இல்லாவிட்டால் நாற்பத்தொன்றில்.

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் ஒரு பல் டாக்டர் வீட்டில், மூன்றாவது மாடியில் நின்றுகொண்டிருந்தாள். அறைகளைப் பார்த்தாயிற்று. கடைசிக் கேள்விதான் பாக்கி.

“பரண்ல என்ன இருக்குங்க?”

“ஒண்ணுமில்லம்மா. பழைய பை ரெண்டு கெடக்கும்.”

எல்லோரும் இப்படித்தான் சொல்வார்கள். பொய் சொல்ல வேண்டும் என்று சொல்வதில்லை, அவர்களுக்கே மறந்துபோயிருக்கும். அவள் ஏணி கேட்டு வாங்கி ஏறினாள். மூன்று மின்விசிறி, ஒரு தொட்டில், சக்கரம் இல்லாத சைக்கிள், ஒரு மூட்டை நிறைய பிளாஸ்டரில் வார்த்த பல்செட்டுகள். “பதினாலு பெட்டி” என்று மேலேயிருந்து சொன்னாள். கீழே டாக்டர் தலையைச் சொறிந்தார். அப்போதுதான் கைப்பேசி அடித்தது. ஏணியில் நின்றபடியே எடுத்தாள்.

“சட்டக் கல்லூரி உதவித்தொகைப் பிரிவுல இருந்து பேசறேன். உங்க செலவு மதிப்பீட்டுப் படிவம் என் கையில இருக்கு. ஒரு சின்ன சந்தேகம்.”

“சொல்லுங்க சார்.”

“நீங்க சாப்பிடுவீங்களா?”

“என்ன சார்?”

“உணவுன்ற இடத்துல சைபர் போட்டிருக்கீங்க. குடியிருப்பு சைபர். இதர செலவு சைபர். போக்குவரத்துக்குச் சைபர் போட்டு, பக்கத்துல ‘நடந்து வருவேன்’னு எழுதியிருக்கீங்க. உங்க முகவரியைப் பார்த்தேன். ஒன்பது கிலோமீட்டர்.”

“சீக்கிரமா கிளம்பிடுவேன் சார்.”

அந்தப் பக்கம் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது. அலுவலர் சிரிப்பை விழுங்குகிறாரா, கோபத்தை விழுங்குகிறாரா என்று தெரியவில்லை.

“மொத்தம் தொண்ணூத்து நாலாயிரம்னு எழுதியிருக்கீங்க. அதுல தொண்ணூறு கல்லூரிக் கட்டணம். மிச்சம் நாலாயிரத்துல ஒரு வருஷம் வாழப்போறீங்க. குடும்பத்துல இருந்து எழுபதாயிரம் போட முடியும்னு வேற எழுதியிருக்கீங்க. தொண்ணூத்து நாலுல எழுபது போனா?”

“இருபத்தி நாலு.”

“அவ்வளவுதான் எங்களால தர முடியும். நீங்க காட்டின செலவுக்கு மேல ஒரு காசு கொடுக்க எனக்கு அதிகாரம் கிடையாது. ஒரு தடவை கமிட்டி முடிவு பண்ணிட்டா வருஷம் முழுக்க அதுதான். நடுவுல வந்து பத்தலைன்னு நின்னா நான் என்ன செய்ய?”

“குறைவா போட்டாத்தானே சார் நமக்குக் கிடைக்கும்?”

“இது டெண்டர் இல்லம்மா.”

அவள் ஏணியை இறுகப் பிடித்துக்கொண்டாள். கமிட்டி இன்று இரண்டு மணிக்குக் கூடுகிறது, ஒரு மணிக்குக் கோப்புகளைக் கட்டி அனுப்பிவிடுவேன், அதற்குள் சரியான மதிப்பீடு வந்தால் சேர்த்துக்கொள்கிறேன் என்றார் அலுவலர்.

“எவ்வளவு போடணும் சார்?”

“அதை நான் சொல்லக் கூடாது. ஒரு வருஷம் படிச்சு முடிக்க உண்மையில எவ்வளவு ஆகுமோ, அதை எழுதுங்க. நீங்க என்ன வேலை பார்க்கறீங்க?”

“மதிப்பீடு போடறேன் சார்.”

இந்த முறை அவர் சிரித்தது நன்றாகவே கேட்டது.

நாற்பத்திரண்டு வயதில் அவளுக்குச் சட்டப் பித்து பிடித்ததற்குக் காரணம் ஒரு கண்ணாடி அலமாரி. இரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு வாடிக்கையாளர், ஆட்கள் அலமாரியை உடைத்துவிட்டார்கள் என்று நுகர்வோர் மன்றத்தில் வழக்குப் போட்டார். வக்கீலுக்குக் கொடுக்க மனம் வராத முதலாளி, “நீயே போய்ப் பேசிட்டு வா” என்று அவளை அனுப்பிவிட்டார். மதிப்பீடு எழுதிய அன்றே அவள் ‘இடது கதவில் விரிசல்’ என்று குறித்து அந்த ஆளிடமே கையெழுத்து வாங்கியிருந்தாள். எதிர்த்தரப்பு வக்கீல், “நீங்க யாரு, வக்கீலா?” என்று நக்கலாகக் கேட்டார். “இல்லைங்க, விரிசலைப் பார்த்தவ” என்றாள். மூன்றாவது வாய்தாவில் வழக்கு தள்ளுபடி. அன்று பஸ்ஸில் இடம் கிடைத்தும் அவளால் உட்கார முடியவில்லை. காது இரண்டும் சூடாக இருந்தன. தபால் வழியில் வாங்கிய பட்டம் ஒன்று பெட்டியில் கிடந்தது. அதைத் தூசி தட்டி எடுத்து, நுழைவுத் தேர்வு எழுதி, இரண்டாம் முயற்சியில் இடமும் வாங்கிவிட்டாள். முதல் தவணை கட்டப் பத்து நாள்தான் இருந்தது. உதவித்தொகை வராவிட்டால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும்.

போன ஞாயிற்றுக்கிழமை அந்தப் படிவத்தை நிரப்பியது அவள் மட்டும் அல்ல, வீடே சேர்ந்து நிரப்பியது. அதுதான் வினை. அவள் கணவர் லிஃப்ட் மெக்கானிக். அவர் கம்பெனியிலும் டெண்டர்தான், குறைத்துப் போட்டவனுக்கே வேலை. மாமனார் ஓய்வு பெற்ற பஸ் கண்டக்டர், மிச்சச் சில்லறை வைத்தால் பாவம் என்று நம்புகிறவர். செலவைக் கம்மியாகக் காட்டினால் கமிட்டி அசந்துபோகும் என்பதில் யாருக்கும் சந்தேகமே வரவில்லை. கணவர், “சாப்பாடு எப்படியும் சமைக்கிறதுதானே, அதை எதுக்கு எழுதணும்? சைபர்” என்றார். பத்தாவது முடித்திருந்த மகள், “வாடகையும் எப்படியும் கொடுக்கறதுதானே, சைபர்” என்றாள். மாமனார் நாற்காலியிலிருந்து, “என்னால ஒரு செலவும் இல்லை, என்னையும் சைபர்னு போடு” என்றார். ஒவ்வொரு சைபருக்கும் வீட்டில் கைதட்டல். ஏதோ ஏலத்தில் ஜெயித்த மாதிரி எல்லோரும் எழுந்து டீ குடித்தார்கள்.

பல் டாக்டரிடம் மதிப்பீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அவள் படியில் ஓடினாள். முதலாளிக்குப் போன் போட்டாள்.

“அரை நாள் லீவு வேணும்.”

“சனிக்கிழமையா? நாலு வீடு இருக்கு.”

“நாலு வீட்டையும் மத்தியானத்துக்கு மேல பார்த்துடறேன். இப்ப ஒரு வீடு அவசரம்.”

“எந்த வீடு?”

“என் வீடு.”

பதினொன்றுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது அவள் தன் வீட்டு வாசலில் நின்றாள். செருப்பைக் கழற்றினாள். பையிலிருந்து கம்பெனியின் மதிப்பீட்டு அட்டையையும் பேனாவையும் எடுத்தாள். அந்த அட்டையில் இடம், பொருள், எண்ணிக்கை, தொகை என்று நாலு பத்தி, ஒவ்வொரு வரியின் கடைசியிலும் ‘உடையக்கூடியது’ என்று ஒரு சின்னக் கட்டம்.

“வணக்கங்க. மதிப்பீடு போட வந்திருக்கேன்” என்றாள்.

கணவர் பனியனோடு நின்று பார்த்தார். “வெயில் தலைக்கு ஏறிடுச்சா?”

நின்ற நிலையிலேயே விஷயத்தைச் சொன்னாள். இருபத்தி நாலாயிரம் என்றதும் கணவர் சட்டையை எடுத்து மாட்டிக்கொண்டார், எங்கே போகப் போகிறார் என்று அவருக்கே தெரியாமல். மகள் காதிலிருந்த இயர்ஃபோனைப் பிடுங்கினாள்.

“நான் உங்க வீட்டு ஆள் இல்லை. வெளியாள். கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க, தியாகம் எல்லாம் வேண்டாம்” என்றாள் அவள். “ஹால். இந்த வீட்டுல நாலு பேர். வாடகை, சாப்பாடு, கரண்ட்டு, எல்லாத்துலயும் என் பங்கு மாசம் எவ்வளவு?”

கணவர் விரல் விட்டு எண்ணினார். மகள் கைப்பேசியில் தட்டினாள். “எட்டாயிரம்மா. ஏழாயிரத்துத் தொள்ளாயிரத்துச் சில்லறை.”

“அந்தச் சில்லறையையும் சேர்த்துச் சொல்லு” என்றார் மாமனார் அறைக்குள்ளிருந்து.

எழுதினாள். பஸ் பாஸ் எழுதினாள். புத்தகத்துக்குப் பதினாலாயிரம். பழைய புத்தகம் போதும் என்று நினைத்திருந்தாள், ஆனால் சட்டம் திருத்தப்பட்டால் பழைய புத்தகம் வழக்கைக் கெடுக்கும் என்று கல்லூரி கொடுத்த பட்டியலிலேயே அச்சடித்திருந்தது. கறுப்புக் கோட்டு, வெள்ளை உடை. தேர்வுக் கட்டணம், இணையம். கண்ணாடி என்று எழுதும்போது கை நின்றது.

“கண்ணாடியா? உனக்கா?” என்றார் கணவர்.

“ஆறு மாசமா சின்ன எழுத்து ஆடுது.”

“கண்ணளவுக்கே கண் தெரியலைன்னு வெளியில சொல்லிடாதே, கம்பெனி மூடிடுவாங்க.”

எழுதினாள், மூவாயிரம். தொகை ஏற ஏற வீட்டில் ஒரு விதமான குதூகலம் ஏறியது. பயமும்தான், ஆனால் ஒளித்து வைத்த ஒன்றைச் சத்தமாகச் சொல்லிவிடும்போது வருகிற அந்தத் துள்ளல் அதைவிடப் பெரிதாக இருந்தது. மகள் ஒவ்வொரு வரிக்கும் மொத்தத்தைக் கூவினாள்.

“சரி” என்றாள் அவள். “பரண்ல என்ன இருக்கு?”

“நம்ம பரண்லயா? ஒண்ணு...” என்று ஆரம்பித்த கணவர் நிறுத்திக்கொண்டார். அவள் கேட்டது அந்தப் பரண் அல்ல என்று அவள் முகத்தைப் பார்த்தே தெரிந்தது. “ஞாயிற்றுக்கிழமையும் வேலைக்கு வரேன்னு சூப்பர்வைசர்கிட்ட சொல்லிட்டேன்” என்றார் மெதுவாக. “அடுத்த மாசத்துல இருந்து. உன்கிட்ட சொல்லலாம்னுதான்...”

“உன் பரண்?” என்று மகளைப் பார்த்தாள்.

“கணக்கு டியூஷனை நிறுத்திட்டேன்.”

“எப்ப?”

“திங்கக்கிழமை.”

அவள் மாமனார் அறைக்குப் போனாள். அவர் பேப்பரை முகத்துக்கு நேராக விரித்துப் பிடித்திருந்தார். பேப்பர் தலைகீழாக இல்லை, ஆனால் பக்கத்தைத் திருப்பவும் இல்லை.

“மாமா, உங்க பரண்ல என்ன இருக்கு?”

“எனக்கு ஏதும்மா பரண்? நாப்பது வருஷம் டிக்கெட் கிழிச்சவன். சைபர்னு போட்டுட்டுப் போ, நேரம் ஆகுது.”

அவள் கண் அவர் முகத்தில் இல்லை. மேஜைமேல் கிடந்த சர்க்கரை மாத்திரை அட்டையில் இருந்தது. திங்கட்கிழமை காலை பிரித்த அட்டை, பதினைந்து மாத்திரை, காலையில் ஒன்று, ராத்திரி ஒன்று. தினமும் காலையில் அவளே கையில் கொடுப்பாள். திங்கட்கிழமைதான் அவர், “இனிமே நானே போட்டுக்கறேன், உனக்குப் படிக்கிற வேலை வந்தாச்சு” என்று வாங்கி வைத்துக்கொண்டார்.

“இதுல நாலு இருக்கணும். பத்து இருக்கு.”

பேப்பர் கொஞ்சம் தாழ்ந்தது.

“காலை மாத்திரையை விட்டுட்டீங்க. ஆறு நாளா.”

“ஒண்ணே போதுமாத்தான் இருக்கு” என்றார் மாமனார். “அஞ்சாறு நாள் பார்ப்போமேன்னு...”

“தலை சுத்துச்சா?”

“நேத்து. கொஞ்சம். பாத்ரூம்ல. சுவரைப் பிடிச்சுக்கிட்டேன்.”

வாசல்படியில் கணவரும் மகளும் நின்றிருந்தார்கள். அவளுக்கு மாமனார்மேல் வந்த கோபம் பாதியிலேயே திரும்பித் தன்மேல் விழுந்தது. அந்த சைபரை எழுதிய கை இதுதானே. ஒரு வாடிக்கையாளர் இப்படிச் சொல்லியிருந்தால் ஏணி கேட்டிருப்பாள். சொந்த வீட்டில் கைதட்டினாள்.

தண்ணீரும் மாத்திரையும் அவர் கையில் கொடுத்தாள். அவர் விழுங்கும் வரை நின்றாள். பிறகு அட்டையை அவர் மடியில் வைத்து எழுதினாள்: பின்னறை. காலையில் இரண்டு மணி நேரம் ஆள், மருந்து, சர்க்கரைப் பரிசோதனை, நடை.

“கீழ் வீட்டு நர்ஸம்மா மாசம் ரெண்டாயிரத்து ஐந்நூறு கேட்பாங்க. வருஷத்துக்கு முப்பதாயிரம்.”

“முப்பதாயிரமா?” மாமனாருக்கு நிஜமாகவே தூக்கிவாரிப் போட்டது. “அந்தக் காசுக்கு நான் பஸ்ஸே ஓட்டுவேன்.”

“நீங்க கண்டக்டர்தானே மாமா.”

“ஓட்டக் கத்துக்குவேன்.”

“கொஞ்சம் பிடிங்க” என்று அட்டையையும் பேனாவையும் அவரிடமே விட்டுவிட்டு அவள் கீழ் வீட்டுக்கு ஓடினாள். நர்ஸம்மா ஈரக் கையோடு வந்து, இந்த வேலைக்கு இவ்வளவு வாங்குவேன் என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். திரும்பி வந்து மாமனாரின் டாக்டர் சீட்டை எடுத்தாள், அட்டையைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். மகள் மொத்தத்தைக் கூவினாள்: இரண்டு லட்சத்து ஐம்பத்தெட்டாயிரம். மணி பன்னிரண்டு பத்து.

பஸ் நிறுத்தத்தில் பத்து நிமிஷம் நின்றாள். பஸ்ஸைக் காணவில்லை. ஆட்டோவைக் கைகாட்டினால், கல்லூரி என்றதும் தலையை ஆட்டிவிட்டுப் போனார்கள். அப்போது ஒரு லாரி பிரேக் போட்டது. அவர்கள் கம்பெனி லாரி. மேலே கட்டில், வாஷிங் மெஷின், எட்டு செடித்தொட்டி, கயிற்றுக்கு நடுவில் ஒரு ஆள்.

டிரைவர் எட்டிப் பார்த்தார். “அக்கா, இங்க யாரை மதிப்பீடு போடறீங்க?”

“சட்டக் கல்லூரி. ஒரு மணிக்குள்ள. போற வழியா?”

“இல்லை” என்றார் டிரைவர். “ஏறுங்க.”

ஏறினாள். செடித்தொட்டிகள் ஆடாமல் ஓட்டியே பழகிய மனிதர், அன்று இரண்டு வளைவில் மட்டும் அதை மறந்தார். பின்னாலிருந்து, “அண்ணே, ரோஜா சாயுது” என்று குரல் வந்தது. “நீயும் சாஞ்சு பிடிச்சுக்கோ” என்றார். என்ன விஷயம் என்று வழியில் கேட்டுக்கொண்டார். கொஞ்ச நேரம் யோசித்துவிட்டு, “அக்கா, நீங்க வக்கீல் ஆனப்புறம் நம்ம முதலாளி மேல ஓவர்டைம் கேஸ் போட முடியுமா?” என்றார்.

“ரோட்டைப் பாருங்க.”

“சும்மா கேட்டேன். மதிப்பீடா ஒரு தொகை சொல்லுங்க.”

ஒரு மணிக்கு ஆறு நிமிஷம் இருந்தது. உதவித்தொகைப் பிரிவு முதல் மாடியில், நீளமான வராந்தாவின் கடைசி அறை. மேஜைமேல் கோப்புகளை நாடாவால் கட்டிக்கொண்டிருந்த வழுக்கைத் தலை மனிதர் நிமிர்ந்தார். அவளுக்கு மூச்சு வாங்கியதில் பேச்சு வரவில்லை. அட்டையை நீட்டினாள்.

“நடந்தா வந்தீங்க?” என்றார்.

“லாரியில சார்.”

அவர் ஒவ்வொரு வரியாகப் பேனா முனையால் தொட்டுக்கொண்டே போனார். அறைக் கடிகாரம் அவளுக்கு மட்டும் சத்தமாக ஓடியது. பேனா பின்னறை வரியில் வந்து நின்றது.

“உள்ளூர் மாணவருக்குக் கல்லூரி வச்சிருக்கிற அளவு ரெண்டு லட்சத்து முப்பது. உங்களுது இருபத்தெட்டு கூட. அது இந்த ஒரு வரியால. இதுக்கு ஆதாரம் இருக்கா? இல்லைன்னா அடிச்சிடணும்.”

டாக்டர் சீட்டையும் நர்ஸம்மாவின் தாளையும் வைத்தாள். ஈரக் கையின் தடம் தாளில் அப்படியே இருந்தது. அவர் படித்தார். பிறகு அட்டையைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

“இந்த வரிக்கு நேரா மட்டும் ஒரு கட்டத்துல டிக் போட்டிருக்கே. இது என்ன?”

அவள் குனிந்து பார்த்தாள். அவள் போட்ட டிக் அல்ல. டிக்கெட்டில் போடுகிற மாதிரி சின்னதாக, அழுத்தமாக, சாய்ந்த ஒரு கோடு. கீழ் வீட்டுக்கு ஓடியபோது அட்டை யார் மடியில் இருந்தது என்பது நினைவுக்கு வந்தது.

“அது உடையக்கூடியதுக்கான கட்டம் சார்” என்றாள். “என் மாமனார் போட்டிருக்கார். அவராவே.”

அலுவலர் குண்டூசியை எடுத்தார். தாள்களை அட்டையோடு சேர்த்துக் குத்தினார், பழைய படிவத்தை உருவி அவளிடமே கொடுத்தார், கோப்பின்மேல் முத்திரை வைத்தார். “போன வாரம் இதை அனுப்பியிருந்தா என் வேலை மிச்சம்” என்று நாடாவை இழுத்துக் கட்டினார். “வியாழக்கிழமை கடிதம் வரும்.”

வராந்தாவின் கடைசி வரை அவள் நிதானமாகத்தான் நடந்தாள். படிக்கட்டில் ஓடினாள். மிச்சம் நாலு வீடு இருந்தது.

வியாழக்கிழமை கடிதத்தைப் பிரித்தவர் மாமனார். வேறு யாரையும் தொடவிடவில்லை. போலி டிக்கெட்டைப் பரிசோதிக்கிறவர் மாதிரி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, பின்பக்கம் திருப்பிப் பார்த்து, வரிவரியாகப் படித்தார். ஒப்புக்கொண்ட செலவு இரண்டு லட்சத்து ஐம்பத்தெட்டாயிரம், குடும்பப் பங்கு எழுபதாயிரம், உதவித்தொகை ஒரு லட்சத்து எண்பத்தெட்டாயிரம்.

“என் வரியை வெட்டலை” என்றார். இரண்டு தடவை சொன்னார்.

மகள் துள்ளியதில் மேஜை ஆடியது. கணவர் சூப்பர்வைசருக்குப் போன் போட்டு, ஞாயிற்றுக்கிழமை பற்றி ஏதோ மெதுவாகப் பேசினார். மகள் டியூஷன் டீச்சரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டாள். “போன மாதிரியே திரும்பிப் போ” என்றாள் அவள். அவளால் உட்கார முடியவில்லை. வழக்கில் ஜெயித்த அன்று பஸ்ஸில் வந்த அதே சூடு, காது இரண்டிலும்.

“புத்தகம் எங்க வைக்கப்போற?” என்றார் கணவர் போனை வைத்துவிட்டு.

அவள் அறையைச் சுற்றிப் பார்த்தாள், பிறகு மேலே. “பரணை ஒழிச்சிடலாம்.”

“என்ன இருக்கு அதுல?”

“ஒண்ணுமில்ல” என்றாள். “மூணு பெட்டி இருக்கும்.”

ஏணியைக் கொண்டுவந்து அவளே ஏறினாள். கீழே நின்று மூன்று பேரும் வாங்கி வைத்தார்கள். மகளின் குழந்தைக்கால நடைவண்டி வந்தது, அறுந்த லிஃப்ட் கம்பிச் சுருள் வந்தது, மாமனாரின் தோல்பையும் விசிலும் வந்தன, யார் வாங்கியது என்று யாருக்கும் தெரியாத ஒரு விளக்குக் கூடு வந்தது. ஏழாவது பெட்டி இறங்கியபோது மாமனார் விசிலை வாயில் வைத்து ஊதினார்.

“ஏழு” என்றார் கணவர். “கண்ணளவு.”

“எழுதிக்கோங்க” என்று மேலேயிருந்து குரல் வந்தது. “இன்னும் ரெண்டு இருக்கு.”